எம்ஜிபி காரை வீட்டிலேயே டியூன் செய்யலாம்: இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், முதல் முறை செய்பவர்களுக்கு

பழைய எம்ஜிபி (இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான்: "சிக்னலில் நின்றால் குலுங்குகிறது, மிதித்தால் இழுக்க மாட்டேன் என்கிறது, கார்புரேட்டர் கோளாறு போலிருக்கிறது." உடனே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் அந்தக் கார்புரேட்டருக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை அதைத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், நான் புதிதாக வாங்கிப் போட்ட கண்டென்சர்தான் (பிளக்கில் ஸ்பார்க் வர உதவும் சின்ன மின்பாகம்) கோளாறு. இன்ஜின் சூடேறியதும் அது வேலை செய்வதை நிறுத்திவிடும். பழையதையே திரும்ப மாட்டினேன், மிஸ்ஸிங் போய்விட்டது.

அதனால் எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டேப்பெட் (வால்வு இடைவெளி), அடுத்து பிளக், பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை), டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்). இவை சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மற்றவற்றில் இருக்கும் பிழையை கார்புரேட்டரில் ஈடுகட்டப் பார்த்தால், இருந்த நல்ல அமைப்பும் கெட்டுவிடும்.

எம்ஜிபி இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரானது. எல்லா வகைகளையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதனால்தான் இன்றும் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. இன்ஜின் 1798 சிசி, பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ். நம்மூர் அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி இன்ஜினும் இதே குடும்பம்தான். அம்பாசடரில் டேப்பெட் வைத்துப் பழகிய கைக்கு எம்ஜிபி புதிதாகவே தெரியாது. என்னிடம் இருப்பது 1966 ரோட்ஸ்டர். அதில் இருப்பவை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர்கள் இரண்டு. கீழே சொல்வதெல்லாம் அந்த வகைக்கு. 1970களில் வந்த எச்ஐஎஃப்4 வகையில் அடிப்படை ஒன்றுதான், ஆனால் சரிசெய்யும் இடம் வேறு.

தொடங்குவதற்கு முன்

இது அங்குலக் கணக்கு வண்டி. ஏஎஃப் அளவு (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான அங்குல அளவு) ஸ்பேனர் வேண்டும். 7/16, 1/2, 9/16 இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் உட்காரத்தான் செய்யும். ஆனால் இடைவெளி இருப்பதால், இறுகிய நட்டாக இருந்தால் முனைகளை மழுக்கிவிடும். இதோடு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாய், பனியன் வேஸ்ட், கொஞ்சம் 20 கிரேடு எண்ணெய் போதும்.

தீ விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சருக்குப் போகும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே கசியும் பெட்ரோல் நேராகச் சூடான இரும்பில்தான் சொட்டும். கழற்றி மாட்டும் வேலைகளை இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், ஓடவிடும்போது கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும்.

1967க்கு முந்தைய எம்ஜிபிகளில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இருக்கைகளுக்குப் பின்னால், தரைப்பலகைக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். கழற்றும்போது எர்த் ஆகியிருக்கும் பாசிட்டிவ் முனையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நெகட்டிவைத் தொட்டுப் பழகிய கை தானாக அங்கேதான் போகும், கவனம்.

டேப்பெட்

இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பிளக் நான்கையும் கழற்றி, வண்டியை நான்காவது கியரில் போட்டு, மெதுவாக முன்னே தள்ளினால் இன்ஜின் சுற்றும். வால்வு எட்டு. ஒன்பதிலிருந்து கழிக்கும் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும், மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி 0.015 அங்குலம். ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது இடைவெளி கொஞ்சம் மாறும், இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

பிளக், பாயிண்ட், டைமிங்

பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் 0.015. பாயிண்டின் முகம் குழி விழுந்து கருத்திருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். ஒயர் வரிசை 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். என் வண்டியின் இன்ஜினுக்கு, ஓடாத நிலையில் டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால். உங்கள் இன்ஜின் எண்ணைப் பார்த்து கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டர், கண்டென்சர் இரண்டிலும், நன்றாக ஓடிய பழையவை இருந்தால் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருங்கள். ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

பெட்ரோல் வருகிறதா?

சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, பின்பக்கத்திலிருந்து டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். அது எஸ்யூ பம்ப். கார்புரேட்டரின் மிதவை அறைகள் (பெட்ரோல் தேங்கும் சிறு அறைகள்) நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது மிதவையின் ஊசி வால்வு அடைக்கவில்லை. இரண்டாவதென்றால் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டும், நிச்சயம் தெரியும். ரப்பர் ஹோஸ்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றாலே இ10தான் (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது). அதிலிருக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரித்து விரிசல் விட வைக்கிறது. எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டுவிட்டு, முடிந்தவரை இ5 (5 சதவீதம் வரை எத்தனால்) ஊற்றுவது நல்லது.

கார்புரேட்டர்: முதலில் புரிந்துகொள்ளுங்கள்

எஸ்யூ என்றால் ஸ்கின்னர் யூனியன். காலணி வணிகம் செய்த ஸ்கின்னர் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அதில் இன்று பிஸ்டன் இருக்கும் இடத்தில் தொடக்க காலத்தில் தோல் துருத்திதான் இருந்தது. கருவி அன்றிருந்த அதே யோசனையில்தான் இன்றும் வேலை செய்கிறது.

இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது மேலே மணி வடிவ அறைக்குள் இருக்கும் பிஸ்டன் உயர்கிறது. அதன் அடியில் நுனிவரை மெலிந்துகொண்டே போகும் ஒரு பித்தளை ஊசி, பெட்ரோல் வெளிவரும் சிறு குழாயான ஜெட்டுக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் உயர உயர, ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டுக்கு வருவதால் சுற்றியுள்ள இடைவெளி பெரிதாகி, காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோல் கூடுகிறது. அவ்வளவுதான். தனித்தனி ஜெட்டுகளோ, மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் அடிக்கும் பம்ப்போ இதற்குள் கிடையாது. எனக்கு இதைவிட அழகான இயந்திரம் தெரியாது.

கழற்றிச் சுத்தம் செய்தல்

மணி அறையைக் கழற்றும் முன், எந்த நிலையில் இருந்தது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேல் மூடியைத் திருகி, அதோடு வரும் எண்ணெய்த் தண்டை (பிஸ்டன் துள்ளாமல் எண்ணெயில் தடை கொடுப்பது) எடுத்துவிட்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றி, அறையை நேராக மேலே தூக்குங்கள். பிஸ்டனும் அதே போல நேராக மேலே வரவேண்டும். சாய்த்தால் ஊசி வளைந்துவிடும். எடுத்ததும் மேசையில் படுக்க வைக்காதீர்கள். வாயகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றின் விளிம்பில் உட்கார வைத்தால் ஊசி பத்திரமாக உள்ளே தொங்கும். முன் கார்புரேட்டரின் பிஸ்டனும் அறையும் ஒரு ஜோடி, பின்னதற்கு வேறு ஜோடி. கலந்துவிடாதீர்கள்.

பெட்ரோல் நனைத்த துணியால் இரண்டையும் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. பிஸ்டன் தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். ஊசியின் தோள்பட்டை பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

மறுபடி மாட்டி, ஜெட் முழுக்க மேலே இருக்கும் நிலையில், பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று உலோகம் உலோகத்தில் விழும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். மெத்தென்று விழுந்தால் ஊசி ஜெட்டின் சுவரில் உரசுகிறது. என் வண்டியைப் போல ஊசி அசையாமல் பொருத்தப்பட்ட பழைய வகையில் ஜெட்டை மையப்படுத்த வேண்டும்: சரிசெய்யும் நட்டுக்குக் கீழுள்ள இணைப்பைக் கழற்றி, நட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நட்டை மட்டும் முழுக்க மேலேற்றி, அதற்கு மேலுள்ள பெரிய லாக் நட்டைத் தளர்த்துங்கள். எண்ணெய்த் துளை வழியாகப் பென்சிலால் பிஸ்டனை மெதுவாக அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே அதை இறுக்குங்கள். இரண்டு மூன்று முறை முயன்றால்தான் வரும். பொறுமையாகச் செய்யுங்கள்.

கடைசியாக, மேல் மூடி இருந்த துளை வழியாக 20 கிரேடு எண்ணெய். மூடியைத் திருக இன்னும் 6 மி.மீ. இருக்கும்போதே தண்டு எண்ணெயில் பட்டுத் தடை கொடுத்தால் அளவு சரி.

சமப்படுத்துதல்

ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் த்ராட்டில் (மிதித்தால் காற்றுவழியைத் திறப்பது) தண்டின் கிளாம்புகளையும், சோக் தண்டின் கிளாம்புகளையும் தளர்த்திவிடுங்கள். இதை மறந்துவிட்டால் ஒன்றைத் திருகும்போது மற்றதும் அசையும், மணிக்கணக்கில் சுற்றினாலும் விடை வராது.

ஜெட்டின் கீழுள்ள ஆறுமுக நட்டை இரண்டிலும் முழுக்க மேலேற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகம், கீழே இறக்குங்கள். தொடக்கத்துக்கு இது போதும். த்ராட்டில் ஸ்க்ரூக்களை அவை தொடும் இடத்திலிருந்து ஒரு சுற்று உள்ளே கொண்டுபோய், இன்ஜினை ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள்.

இப்போது ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயில் பிடியுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அதே இடத்தில், அதே தூரத்தில், அடுத்ததிலும் பிடியுங்கள். எது உரக்க உறிஞ்சுகிறதோ அதன் த்ராட்டில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் வெளியே, மற்றதைக் கொஞ்சம் உள்ளே. இரண்டு சத்தமும் ஒன்றாகும் வரை செய்யுங்கள். ஐடிலிங் நிமிடத்துக்கு 750 முதல் 800 சுற்றுக்குள் இருக்கும்படி நான் வைக்கிறேன்.

கலவை

நட்டைக் கீழே இறக்கினால் ரிச் (பெட்ரோல் அதிகம்), மேலே ஏற்றினால் லீன் (பெட்ரோல் குறைவு). இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே நேரத்தில், ஒரு முகம் ஒரு முகமாக. இன்ஜின் எங்கே வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். வேகம் கூடிவிட்டால் த்ராட்டில் ஸ்க்ரூக்களைச் சமமாகக் குறைத்து, குழாயால் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது என்ஜின் பதில் சொல்லும் சோதனை. கார்புரேட்டரின் பக்கத்தில், பிஸ்டனைத் தூக்குவதற்கென்றே ஒரு சின்ன ஊசி (ஜெட்டுக்குள் இறங்கும் ஊசி அல்ல) இருக்கும். அதை மேலே தள்ளினால் முதலில் சும்மா நகரும், பிஸ்டனைத் தொட்டதும் லேசான எடை விரலில் தெரியும். அங்கிருந்து 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள், ஒரு நகத்தின் கனம்தான். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் அந்த கார்புரேட்டர் ரிச். உடனே தள்ளாடி விழப் பார்த்தால் லீன். ஒரு நொடி மெல்ல எழும்பி, பழைய நிலைக்கே திரும்பினால் சரி. முன்னும் பின்னும் மாறிமாறிச் செய்யுங்கள், ஒன்று மற்றதைப் பாதிக்கும்.

இந்த வேலை மூன்று நிமிடத்துக்கு மேல் நீண்டால், அரை நிமிடம், நிமிடத்துக்கு 2500 சுற்று வேகத்தில் ஓட்டி இன்ஜினைத் தெளிவாக்குங்கள். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். எவ்வளவு திருகினாலும் ஒரு கார்புரேட்டர் லீனாகவே இருந்தால், த்ராட்டில் தண்டு தேய்ந்து அதன் ஓரமாகக் காற்று புகலாம். தண்டைப் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். அது புஷ் மாற்றும் வேலை, திருகித் தீராது.

கிளாம்புகளை இறுக்கும்போது சோக் இழுத்தால் இரண்டு ஜெட்டும் ஒரே நொடியில் இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரை மாட்டிய பிறகு கலவை சற்றே ரிச் ஆகலாம், பிஸ்டனைத் தூக்கும் ஊசிச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.

பத்து மைல் ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் நன்று. கருத்த புகைக்கரி என்றால் ஒரு முகம் மேலே, வெளுத்துப் போயிருந்தால் ஒரு முகம் கீழே. நட்டு கடைசியில் எத்தனையாவது முகத்தில் நின்றது என்பதை, முன் பின் என்று தனித்தனியாக எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். எண்ணெய்த் தண்டு மூழ்கும் எண்ணெயின் அளவை 3000 மைலுக்கு ஒருமுறை பார்க்கிறேன். அதுவரை ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.