எழுத ஆள், கூடுதல் நேரம், தரைத்தள வகுப்பறை: சம வாய்ப்பு மையப் பொறுப்பு உங்களுக்கு வந்தால்

கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களின் தேவைகளைக் கவனிக்கும் சம வாய்ப்பு மையம், யாரும் விரும்பிக் கேட்டு வாங்காத பொறுப்பு. சேர்க்கை முடிந்த கையோடு, "நீங்கதான் மேடம் கொஞ்சம் பொறுமையானவங்க" என்று சொல்லி ஒரு கோப்பைக் கையில் கொடுப்பார்கள். மேலே ‘மாற்றுத்திறனாளி மாணவர்கள்’ என்று எழுதியிருக்கும். உள்ளே பழைய சான்றிதழ் நகல்களும், தேர்வுக்கு முந்தைய நாள் அவசர அவசரமாக எழுதி வாங்கிய விண்ணப்பங்களும் இருக்கும். நான் பாடம் எடுப்பது தமிழ்த்துறையில், தென்மாவட்டத்து அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில். இந்தக் கோப்பு என் மேசைக்கு வந்த பிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: தேர்வு வாரத்தில் வரும் தலைவலியில் முக்கால்வாசியை முதல் மாதத்திலேயே தீர்த்துவிடலாம்.

முதலில் யார் யார் என்று தெரிய வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பழைய 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தன. தலசீமியா, ஹீமோபிலியா, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் எல்லாம் புதிய பட்டியலில் உண்டு. இவர்களில் பலர் தங்களை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதே இல்லை. நினைத்தாலும் வெளியே சொல்வதில்லை. அதனால் முதலாண்டு வகுப்பு ஒவ்வொன்றுக்கும் போய் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, அறை எண்ணையும் வாட்ஸ்அப் எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு வந்துவிடுவேன். "யாருக்கெல்லாம் பிரச்சினை, கையைத் தூக்குங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு கைகூட உயராது. சாயங்காலம் மெசேஜ் வரும்.

அடுத்தது முதல் பேச்சு. பெற்றோர் கூட வந்தால் உட்காரவைத்துப் பேசுங்கள். அப்புறம் பத்து நிமிடமாவது பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் பதில் எல்லாம் அம்மாவிடமிருந்துதான் வரும். "உனக்கு என்ன குறை?" என்று நான் தொடங்குவதில்லை. பிளஸ் டூ தேர்வை எப்படி எழுதினாய்? சலுகை ஏதாவது வாங்கியிருந்தாயா? எந்த பஸ்ஸில் வருகிறாய், ஸ்டாப்பில் இருந்து கேட் வரை எப்படி? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் பலகை தெரிகிறதா? போனில் எழுத்து எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறாய்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது போனை எப்படிப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். மூக்குக்கு நேராகக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால், சான்றிதழில் போட்டிருக்கும் விழுக்காட்டைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும். அப்படியே கழிப்பறையைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலை வரை இருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காகிதம் இல்லாமல், தேர்வுகளை நடத்தும் கன்ட்ரோலர் ஆபீஸில் எதுவும் நகராது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி இருந்தால் நல்லது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80க்குக் கீழே வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். அட்டை இல்லாதவர்களை ஜூலையிலேயே விண்ணப்பிக்க வையுங்கள். தடங்கல் வந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கிறார். கல்லூரிக் கடிதத்தோடு போனால் வேலை சுலபம். 40ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் சட்டப்படி உண்டு. வயது வரம்பிலும் ஐந்தாண்டு தளர்வு இருக்கிறது.

40க்குக் கீழே இருப்பவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடுவதுதான் பல கல்லூரிகளில் வழக்கம். அது சரியில்லை. குடிமைப் பணித் தேர்வு எழுத வந்த விகாஷ் குமார் என்பவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. அவருக்கு எழுத ஆள், அதாவது அவர் சொல்லச் சொல்ல எழுதுபவர், தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காடு என்ற கோட்டைக் காட்டி அதை மறுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்று அரசு மருத்துவரின் சான்று வாங்கினால் இவர்களுக்கும் வழி உண்டு. ஆண்டும் மாதமும் மனதில் இருக்கட்டும். கன்ட்ரோலர் ஆபீஸ் மேசை முன்னால் நிற்கும்போது உதவும்.

இதையெல்லாம் கேட்டு முடித்தபின், ஒரு மாணவருக்கு ஒரு பக்கம் என்று ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். அதில் நோயின் பெயர் இருக்கக் கூடாது. ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருந்தால் போதும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இந்த மாணவரால் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுத இயலாது. எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லவும். பாடக்குறிப்பை முதல் நாளே யூனிகோடில் அனுப்பவும். இன்டர்னல் தேர்வுக்கு எழுத ஆள் உண்டு. இரண்டு மணி நேரத் தேர்வுக்கு 40 நிமிடம் கூடுதல். அறை: தரைத்தளம், நூலகத்துக்கு அடுத்தது. ஐயம் இருந்தால் என்னைக் கேட்கவும். மாணவரை வகுப்பில் வைத்துக் கேட்க வேண்டாம்." அனுப்புவதற்கு முன் மாணவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். சிலர் ஒரு வரியை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுத்துவிடுங்கள்.

யூனிகோடு என்று அந்தக் கடிதத்தில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஆசிரியர்கள் பாதிப் பேர் இன்னமும் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் பார்த்தால் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளுக்கு அடியில் இருப்பது ஆங்கில விசைகள் மட்டுமே. அது "எம், கே, செமிகோலன், கே, ஹெச்" என்று வாசிக்கும். சங்க இலக்கியக் குறிப்பு இருபது பக்கமும் இப்படியே ஓடினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை சரிபார்த்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய புத்தகத்தைப் படமெடுத்துச் செய்த பிடிஎஃப் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே பிரித்துத் தருகிறது. பதிப்புரிமைப் பிரச்சினை வருமே என்று நூலகர் தயங்கினால், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இப்படி வடிவம் மாற்றுவதற்கு 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது என்று சொல்லுங்கள்.

சரி, இனித் தேர்வு. இதில்தான் நேரம் போகும்.

எழுத ஆள் தேடுவதைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொண்டால், வருபவர் தப்பும் தவறுமாகத்தான் எழுதுவார். 2025இல் ஒன்றிய அரசின் புதிய வழிகாட்டுதல் வந்திருப்பதால் இப்போதைய விதியைக் கன்ட்ரோலர் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தந்த வழிகாட்டுதல்படி மாணவர் தனக்கு வேண்டியவரைத் தானே அழைத்து வரலாம், அல்லது நிறுவனத்தையே தரச் சொல்லிக் கேட்கலாம் என்று இருந்தது. தானே அழைத்து வந்தால் அவருடைய படிப்பு மாணவர் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பாடத்துக்குப் பாடம் ஆள் மாறலாம். இந்தக் கடைசி விதி பலருக்குத் தெரியாது, ஆனால் பெரிய உபகாரம். தமிழ்த் தாளுக்குக் கையெழுத்தும் ஒற்றுப்பிழை இல்லாத எழுத்தும் வேண்டும். கணக்குப்பதிவியல் தாளுக்குக் கோடு போட்டு இரண்டு பக்கமும் எண்களை நேராக எழுதத் தெரிந்தவர் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். பார்வையற்றவர்கள், இரு கைகளும் பாதிக்கப்பட்டவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கேட்டாலே எழுத ஆள் தர வேண்டும். மற்றவர்கள் அரசு மருத்துவமனையில் கண்காணிப்பாளர் போன்ற உயர்நிலை மருத்துவரின் சான்று வைக்க வேண்டும்.

இன்டர்னல் தேர்வையே ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் தேர்வில் எழுதப்போகிறவரே முதல் இன்டர்னலுக்கும் வரட்டும். கேள்வித்தாளை எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும், பத்தி மாறும்போது எப்படிச் சொல்வது, ஒரு விடையில் எதுவரை வந்திருக்கிறோம் என்று திரும்ப வாசித்துக் காட்டுவது எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து பழகினால்தான் வரும். "மற்ற பிள்ளைகளுக்கு இது அநியாயம் இல்லையா?" என்று ஆசிரியர் அறையில் ஒருவராவது கேட்பார். நான் வாதம் பண்ணுவதில்லை. "சார், உங்க பாடத்துலயே ஒரு பத்து மதிப்பெண் விடையைக் கண்ணை மூடிக்கிட்டு இன்னொருத்தருக்குச் சொல்லி எழுத வைங்க" என்பேன். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் எங்கே விட்டோம் என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எழுத ஆள் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்பவருக்கும் இது உண்டு. நடைமுறையில் சறுக்குவது வேறு இடத்தில். பிற்பகல் தேர்வு 2 மணிக்குத் தொடங்கினால் மற்றவர்களுக்கு 5 மணிக்கு முடியும், இவருக்கு 6 மணிக்கு. ஐந்து மணி அடித்ததும் கண்காணிப்பாளர் விடைத்தாளுக்குக் கையை நீட்டுவார், வாட்ச்மேன் மின்விசிறியை அணைப்பார், ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் கிளம்பிவிடும். எனவே அறைக் கண்காணிப்பாளரின் பணி ஆணையிலேயே 6 மணி என்று அச்சிட வையுங்கள். பஸ் பிரச்சினை இருப்பவருக்கு அரை மணி முன்னதாகத் தொடங்கலாமா என்று கன்ட்ரோலரிடம் எழுதிக் கேளுங்கள். கேள்வித்தாள் வெளியே போய்விடுமே என்பார்கள். தனி அறை, தனிக் கண்காணிப்பாளர், போனுக்குத் தடை என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் சில சமயம் ஒப்புக்கொள்வார்கள்.

தனி அறை எப்படியும் வேண்டும். கேள்வியையும் விடையையும் வாய்விட்டுப் பேசும் இரண்டு பேரை முப்பது பேர் நடுவே உட்காரவைக்க முடியாது. எழுத ஆளோடு வருபவர் இரண்டு பேர் என்றால் இரண்டு அறை.

குறைந்த பார்வை உள்ளவருக்குக் கேள்வித்தாளை ஏ3 தாளில் பெரிதாக்கி நகலெடுத்துக் கொடுப்பது வழக்கம். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தத் தாள் நம் பெஞ்சில் விரியாது, மடித்தால் வரி தொலையும். ஏ4 தாளிலேயே 18 அல்லது 20 புள்ளி எழுத்தில், தடித்த கறுப்பில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். எந்த அளவு என்று மாணவரிடமே மாதிரி காட்டிக் கேட்டுவிடுங்கள். வரைபடம், மேப் வரும் தாளில் பார்வையற்றவருக்கு அதே மதிப்பெண்ணில் மாற்றுக் கேள்வி வேண்டும் என்று கேள்வித்தாள் தயாரிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். தேர்வறையில் கேட்டால் யாருக்கும் அதிகாரம் இருக்காது.

காது கேளாத மாணவர்களுக்கு எழுத ஆளால் பயன் இல்லை. வகுப்பில் ஆசிரியர் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினால் அத்தனையும் போச்சு. சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை, ஆனால் எங்களைப் போன்ற ஊர்களில் கிடைப்பது கஷ்டம். ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாக்கிக் காட்டும். போனை மேசைமேல் ஆசிரியருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வு இருந்தால் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம்.

சக்கர நாற்காலி என்றதும் நிர்வாகம் லிஃப்டுக்கு எஸ்டிமேட் போடத் தொடங்கும். லிஃப்ட் வரும்போது வரட்டும். கால அட்டவணை போடுபவரைப் பிடித்து அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். செலவே இல்லை. சாய்தளம் கட்டினால் 1க்கு 12 என்ற சரிவு வேண்டும். 15 செ.மீ. படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் நீளம். கொத்தனார் இடம் இல்லை என்று பாதியில் முடித்தால் அதில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டியிருக்கும். தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். சாவி யாரிடம் என்று கேளுங்கள். பல இடங்களில் அது துடைப்பம், பினாயில் வைக்கும் அறையாகத்தான் இருக்கும்.

தலசீமியா உள்ள மாணவருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அந்தத் தேதிகளை முன்கூட்டியே வாங்கி இன்டர்னல் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகும் முன்னரே மருத்துவச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இதேதான். அவர்களுடைய சீட்டு துறை அலுவலகத்தில் கிடக்கக் கூடாது, உங்கள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

எழுத்தில் கேட்டும் கல்லூரி அசையவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்ப மாணவருக்கு உரிமை உண்டு. பொறுப்பாளராக இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம். அதற்காகத்தான் நீங்கள் கொடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைக்க வேண்டும்.

இறுதியாண்டு முடிகிற பிப்ரவரியில் இன்னொரு கடிதம் போடுங்கள்: மூன்றாண்டும் இந்த மாணவர் எந்தெந்த வசதியோடு தேர்வு எழுதினார் என்று, முதல்வர் கையெழுத்தோடு. டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளில் எழுத ஆள் வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். சான்றிதழ் தற்காலிகமானதாக இருந்தால் அது முடியும் தேதியைப் பார்த்து, கல்லூரியை விட்டுப் போகும் முன்னால் புதுப்பிக்க அனுப்புங்கள்.