மிலோஸ் தீவின் மீனவ ஊரில் விடுமுறை: முதன்முறை போவோருக்கு

கிரீஸ் என்றதும் பலரும் சான்டோரினிக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். கூட்டத்தில் இடிபடாமல் கடலைப் பார்த்து உட்கார வேண்டுமென்றால், அதே சைக்லேட்ஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள மிலோஸின் மீனவ ஊர்களைப் பாருங்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: அங்கே காற்றுதான் முதலாளி. எப்போது போவது, எங்கே குளிப்பது, எப்போது திரும்புவது எல்லாம் அதன் கையில்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடக்குக் காற்று சில சமயம் நாள்கணக்கில் விடாது. அறை வாடகையும் அப்போதுதான் உச்சம். ஜூன் நல்லது, என் ஓட்டு செப்டம்பருக்கு. கோடை முழுக்க வெயில் வாங்கிய கடல் அப்போதும் இதமாக இருக்கும். அக்டோபர் கடைசியில் உணவகங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும், கப்பல்களும் குறையும்.

படி 2: விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கிளம்ப 15 நாள்கூட இல்லையென்றால் பொதுவாக விண்ணப்பத்தை ஏற்கமாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடும் கட்டாயம்.

படி 3: தங்கும் ஊர்

படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் ஊர் கிளீமா. தண்ணீரின் விளிம்பிலேயே வரிசையாக வீடுகள். கீழே படகை இழுத்து வைக்கும் அறை, மேலே குடியிருப்பு. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று கதவுகள். இந்தப் படகு வீடுகளுக்கு சிர்மாதா என்று பெயர். சில இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. மேற்கே பார்த்த ஊர் என்பதால் மாலையில் அந்தி வெளிச்சம் வாசலுக்கே வரும்.

ஆனால் கடல் கொந்தளித்தால் அலையும் வாசலுக்கு வரும். தவழும் குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் கிளீமாவைச் சொல்லமாட்டேன். கடைகண்ணியும் எதிர்பார்க்காதீர்கள், பால், ரொட்டி, குடிதண்ணீர் எல்லாம் துறைமுகமான ஆதமாஸிலேயே வாங்கிவிடுங்கள். குடும்பத்தோடு போனால் வடகிழக்கு முனையிலுள்ள பொலோனியா தேவலை: ஆழமில்லாத கரை, மரநிழல், கடலோர உணவகங்கள். எதிரிலுள்ள கிமோலோஸ் தீவுக்கும் அங்கிருந்து சிறு கப்பல் உண்டு.

கிளீமாவில் தங்கினால் மேலேயுள்ள ட்ரிபிட்டி ஊருக்கு ஏறும் மேட்டில் ஒருநாள் காலை நடந்துவிடுங்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மிலோஸ் வீனஸ் சிலை 1820இல் அந்தச் சரிவில்தான் கிடைத்தது. கடலைப் பார்த்த பழைய கல் அரங்கமும் பக்கத்திலேயே இருக்கிறது.

படி 4: போய்ச் சேர்வது

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேராக பிரேயஸ் துறைமுகத்துக்கே போகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து வேகக் கப்பலில் சுமார் மூன்று மணி நேரம், பெரிய கப்பலில் ஐந்துக்கு மேல். வயிறு புரட்டும் ஆசாமி என்றால் பெரிய கப்பலே மேல்: ஆட்டம் குறைவு, காசும் குறைவு.

படி 5: குளிக்கும் கரை

காலையில் எழுந்ததும் காற்றின் திசையைப் பாருங்கள். வடக்கிலிருந்து அடித்தால் தென்கரைக்குப் போங்கள்: ஃபிரிபிளாகா அல்லது பலியோஹோரி. எரிமலைத் தீவு என்பதால் பலியோஹோரியில் மணலுக்கடியில் சில இடங்களில் சூடு கொதிக்கும். அந்தச் சூட்டிலேயே சமைத்துத் தரும் உணவகமும் உண்டு. காற்று அடங்கிய நாளை வடகரையின் வெள்ளைப் பாறைகளான சராகினிகோவுக்கு ஒதுக்குங்கள்.

படி 6: மீன் சாப்பாடு

பெரிய மீனுக்குப் பட்டியலில் போட்டிருப்பது பெரும்பாலும் கிலோ விலை. தட்டின் விலை என்று நினைத்துச் சொல்லிவிட்டால் பில் வரும்போது வியர்க்கும். உள்ளே போய் மீனைப் பார்த்து, எடை போடச் சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பொதுவாக உறையவைத்த மீன். கையைக் கடிக்காமல் சாப்பிட நெத்தலியும் மத்தியும் போதும்: மொறுமொறுவென்று பொரித்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். காரம் இருக்காது. மிளகாய்ப்பொடி கொண்டுபோவது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது.

மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை ஊர் தூங்கும் நேரம். சத்தமாகப் பாட்டுப் போடாதீர்கள்.

படி 7: திரும்பும் நாள்

காற்று மிஞ்சினால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள்; பெரும்பாலும் வேகக் கப்பல்தான் முதலில் நிற்கும். ஊருக்கு விமானம் ஏறும் நாளன்று காலையில் தீவிலிருந்து கிளம்பும் திட்டம் வேண்டாம். முந்தைய நாளே கிளம்பி, கடைசி இரவுக்கு ஏதென்ஸில் அறை எடுங்கள்.