ஷெங்கன் 90/180: நாள் எண்ணும் முறை

ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தால் அதன் 29 நாடுகளுக்கும் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். ஆனால் எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாளே தங்கலாம். பாரிஸில் கழித்த நாளும் ரோமில் கழித்த நாளும் ஒரே கணக்கு. இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் சேரும்.

ஷெங்கனுக்கு வெளியே உள்ள லண்டனுக்கு ஒரு நடை போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். தொடங்காது. ஷெங்கனில் இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும்.

2026-இல் ஜனவரி 1–30, மார்ச் 1–30, மே 1–30 என மூன்று முறை போனால் 90 தீர்ந்தது. ஜனவரி 1 கணக்கிலிருந்து விழுவது ஜூன் 30 அன்றுதான். அன்று நுழைந்தால் தினம் ஒரு பழைய நாள் கழியும். ஜூலை 29 வரை தங்கலாம். விமானம் ரத்தாகலாம், இரண்டு மூன்று நாள் மிச்சம் வைப்பது நல்லது.

அயர்லாந்து, சைப்ரஸ் இந்தக் கணக்கில் இல்லை. பல்கேரியா, ருமேனியா உண்டு.

பாஸ்போர்ட் வழங்கி 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. கிளம்பும் நாளுக்குப் பின் 3 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும்.