பைத்தானில் பல வரி கமெண்ட் எழுதுவது எப்படி?

சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று எதையாவது கொஞ்சம் பழகிவிட்டுப் பைத்தானுக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது, பல வரி கமெண்டை (ஓடாமல், படிப்பவருக்காக மட்டும் எழுதும் குறிப்பை) அடைக்கும் /* */ என்ற அந்த ஜோடியைத்தான். தேட வேண்டாம், பைத்தானில் அது கிடையாது. பல வரி கமெண்டுக்கென்று தனிக் குறியே இதில் இல்லை. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி குறைந்துவிடும்.

சரி, புதிதாக ஒரு ஃபைலைத் திறந்து இதைத் தட்டுங்கள். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதனால் உதாரணமும் தமிழிலேயே இருக்கட்டும்.

```
# இட்லி விலை சட்னி, சாம்பாரோடு சேர்த்து.
# பார்சல் என்றால் பொட்டலத்துக்கு
# 5 ரூபாய் கூடுதல்.
இட்லி = 12
பார்சல் = 5
```

அவ்வளவுதான், இதுதான் முறையான வழி. ஒவ்வொரு வரியும் ஹாஷ் குறியில் தொடங்க வேண்டும், ஒரு வரியில் விட்டுவிட்டாலும் பைத்தான் அந்த வரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு எரர் காட்டும். ஹாஷுக்குப் பிறகு ஒரு இடைவெளி விடச் சொல்கிறது பெப் 8 என்ற நடை வழிகாட்டி. விடாவிட்டாலும் ஓடும், ஆனால் விட்டால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

முப்பது வரிக்கும் கையால் ஹாஷ் போடுவதா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில் அந்த வரிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலையும் / விசையையும் சேர்த்து அழுத்துங்கள், எல்லா வரிக்கும் ஹாஷ் வந்துவிடும். மறுபடி அழுத்தினால் போய்விடும். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். விண்டோஸில் பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டர் என்றால் ஆல்ட் + 3 போடுவதற்கு, ஆல்ட் + 4 எடுப்பதற்கு.

அப்புறம் அந்த மூன்று மேற்கோள் குறி விஷயம். நிறையப் பேர் இப்படி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள்:

```
"""
இது கமெண்ட் மாதிரி தெரியும்,
ஆனால் கமெண்ட் இல்லை.
"""
```

இது ஒரு ஸ்ட்ரிங், அதாவது மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர். எந்த மாறியிலும் வைக்காமல் தனியாகக் கிடப்பதால் பைத்தான் அதற்குக் கட்டளை எதுவும் உருவாக்காமல் விட்டுவிடுகிறது. பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ராசமே 2011-இல் இப்படிப் பயன்படுத்தலாம் என்று ட்விட்டரில் சொல்லியிருக்கிறார், ஆகவே தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதையே ஒரு ஃபங்ஷனுக்குள் முதல் வரியாக வைத்தால் அது டாக்ஸ்ட்ரிங் ஆகிவிடும், அதாவது அந்த ஃபங்ஷனின் விளக்கமாகப் பைத்தான் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அது வேண்டும் என்று நினைத்துச் செய்தால் ரொம்ப நல்லது.

புதிதாகப் படிப்பவர்களை நான் ஹாஷ் பக்கமே தள்ளுவதற்குக் காரணம் வேறு. இந்தப் பட்டியலைப் பாருங்கள்:

```
டிபன் = [
    "இட்லி",
    """வடை காலையில் மட்டும்,
    மாலையில் கிடையாது."""
    "வடை",
    "பொங்கல்",
]
```

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்ட்ரிங் நடுவில் காற்புள்ளி இல்லாமல் இருந்தால் பைத்தான் இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கிவிடும். இங்கே கமெண்ட் என்று நினைத்து எழுதியது போய் "வடை"யோடு ஒட்டிக்கொள்கிறது. எரர் வராது. எண்ணிப் பார்த்தாலும் சரியாக மூன்று பொருள்தான் இருக்கும். பட்டியலில் "வடை" இருக்கிறதா என்று தேடினால் மட்டும் இல்லை என்று வரும். இதே மாதிரி ஒரு பட்டியலில் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது, எண்ணிக்கை சரியாக இருந்ததால் பட்டியலைச் சந்தேகப்படவே தோன்றவில்லை.

திருத்துவது சுலபம்:

```
டிபன் = [
    "இட்லி",
    # வடை காலையில் மட்டும்,
    # மாலையில் கிடையாது.
    "வடை",
    "பொங்கல்",
]
```

இப்போது தேடிப் பாருங்கள், வடை கிடைக்கும்.