கயிற்று ஷேக்கிளா, எஃகு ஷேக்கிளா? புதைந்த வண்டியை மீட்கும்போது எதை எங்கே மாட்டுவது

மணலிலோ சேற்றிலோ அச்சு வரை புதைந்துவிட்ட வண்டியை இன்னொரு வண்டியைக் கொண்டோ, கயிற்றைச் சுருட்டி இழுக்கும் பொறியான வின்ச்சைக் கொண்டோ இழுக்கும்போது, இழுவைக் கயிற்றையும், இழுப்பதற்கென வண்டியில் வைத்த உறுதியான இணைப்பிடமான ரெக்கவரி பாயின்ட்டையும் இணைத்து நிற்கும் சிறு கருவிதான் ஷேக்கிள். எஃகால் ஆன பழைய வடிவமும், செயற்கை இழையில் பின்னிய ஸாஃப்ட் ஷேக்கிள் எனப்படும் கயிற்று வடிவமும் இன்று ஒரே பெட்டியில் அருகருகே கிடக்கின்றன. இவற்றில் எது வலிமையானது என்ற கேள்வியோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறான தேர்வில் போய் முடிகிறார்கள். ஷேக்கிள் எதைத் தொடப்போகிறது என்று முதலில் பாருங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

கயிற்று ஷேக்கிள் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழையால் ஆனது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற வணிகப் பெயர்களில் இது பலருக்கும் அறிமுகம். எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகைப் பல மடங்கு மிஞ்சும் இழுவலிமை இதற்கு உண்டு. நீரில் மிதக்கும், துருப்பிடிக்காது, குளிரில் கையைச் சுடாது. ஆனால் கூரான விளிம்பு, உராய்வு, வெப்பம் ஆகிய மூன்றும் இதற்குப் பகை. ஏறத்தாழ 145 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் இந்த இழை, 70 டிகிரியைத் தாண்டும்போதே வலிமையை இழக்கத் தொடங்குகிறது என்பதால், சூடான சைலன்சர் குழாய்க்கு அருகில் மாட்டுவதும், ஓடிக்கொண்டிருக்கும் கயிறு நேரடியாக இதன்மேல் உரசும்படி விடுவதும் கூடாது.

ஆகவே வண்டியின் இணைப்பிடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உருண்டைக் கம்பியை வளைத்துச் செய்த கொக்கியோ வளையமோ இருந்தால் கயிற்று ஷேக்கிள் அதில் இயல்பாகப் படியும். தட்டையான எஃகுத் தகட்டில் துளையிட்டுச் செய்த ரெக்கவரி பாயின்ட் என்றால் துளையின் விளிம்பைச் சோதிக்க வேண்டும். நான் செய்வது இதுதான்: பழைய பருத்தித் துணி ஒன்றைத் துளைக்குள் நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து, விளிம்போடு அழுத்தி நான்கைந்து முறை முன்னும் பின்னும் இழுப்பேன். துணி வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. ஓர் இடத்தில் நூல் சிக்கிப் பிசிறு எழுந்தாலும், அந்த விளிம்பு பல டன் இழுவையில் கயிற்று இழையை என்ன செய்யும் என்பதற்கு அதுவே போதிய சான்று. அப்படிப்பட்ட துளையில் எஃகு ஷேக்கிளைத்தான் மாட்ட வேண்டும். சங்கிலியோடு இணைக்கும்போதும், பாறை முனையில் தேயக்கூடிய இடத்திலும், எஃகுக் கப்பியின் கூர்மையான பக்கத் தகடுகளிலும் எஃகே பொருத்தம். கயிற்றுக்கும் கயிற்றுக்கும், கயிற்றுக்கும் மரத்தைச் சுற்றிய பட்டைக்கும் இடையே கயிற்று ஷேக்கிளே மேல்.

இந்த இரண்டாவது நிலையில் எடை தீர்மானிக்கிறது. வண்டி மீட்பில் பரவலாகப் பயன்படும் 4.75 டன் எஃகு ஷேக்கிள் ஒன்றேகால் கிலோ அளவுக்கு வரும். அதே வேலைக்கான கயிற்று ஷேக்கிள் சுமார் 200 கிராம்தான். நைலான் இழுவைக் கயிறு தன் நீளத்தில் 20 முதல் 30 விழுக்காடு வரை நீண்டு, அந்த நீட்சியில் ஆற்றலைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. எங்கோ ஓர் இணைப்பு அறுந்தால் தேங்கிய ஆற்றல் முழுவதும் கயிற்றோடு தொங்கும் பொருளை வீசியெறியும். அதனால்தான் இரண்டு ஸ்ட்ராப்களை (இழுவைப் பட்டைகளை) நடுவில் எஃகு ஷேக்கிளால் இணைக்கவே கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். கயிற்று ஷேக்கிள் மாட்டியதால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: பலவீனமான ரெக்கவரி பாயின்ட் பிய்ந்தால் அந்த இரும்புத் துண்டே கயிற்றோடு பறந்து வரும். டிரெய்லர் இழுக்கும் பந்துக் கொக்கியில் இழுவைக் கயிற்றை மாட்டி, அது உடைந்து பறந்ததில் உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கென வைத்த மெல்லிய வளையங்களும் இந்த வேலைக்கானவை அல்ல.

எண்களைப் படிப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். எஃகு ஷேக்கிளின் உடலில் பொறித்திருப்பது பாதுகாப்பாகச் சுமத்தக்கூடிய வேலைச் சுமை. தரமான ஷேக்கிள்களில் உடையும் சுமை பொதுவாக அதைப் போல 6 மடங்கு இருக்கும், அதாவது 4.75 டன் எனப் பொறித்தது உடைய 28 டன்னுக்கு மேல் வேண்டும். கயிற்று ஷேக்கிளின் உறையிலோ பெரும்பாலும் அறுபடும் சுமையைத்தான் அச்சிடுகிறார்கள். 15 டன் என்று பார்த்ததும் 4.75 டன்னைவிட மூன்று மடங்கு வலிமை என்று எண்ணிவிடாதீர்கள். பாதுகாப்புக்காக 15-ஐ 5 ஆல் வகுத்தால் வேலைச் சுமை 3 டன்தான். வின்ச் கயிற்றைக் கப்பியில் மடக்கி இழுக்கும்போது கணக்கு இன்னும் கடுமையாகும். வின்ச் 4 டன் விசையில் இழுத்தால், கப்பியைப் பிடித்திருக்கும் ஷேக்கிள் ஏறத்தாழ 8 டன்னைத் தாங்க வேண்டியிருக்கும். கப்பி இருக்கும் இடத்துக்கே பெட்டியிலுள்ள மிகப் பெரிய ஷேக்கிளை ஒதுக்குங்கள்.

கயிற்று ஷேக்கிளை மாட்டுவது எளிது, ஆனால் முடிச்சைக் கவனிக்காமல் விட்டால் எளிதில் கெடும். ஒரு முனையில் பருத்த முடிச்சும் மறுமுனையில் சுருக்குக் கண்ணியும் இருக்கும். கண்ணிக்கு அடியிலுள்ள கயிற்றைப் பின்னோக்கித் தள்ளினால் கண்ணி அகலும். ஷேக்கிளை இணைப்பிடத்திலும் கயிற்றின் வளையத்திலும் கோத்து, முடிச்சைக் கண்ணிக்குள் முழுவதுமாக நுழைத்து, கண்ணியை முடிச்சின் கழுத்தோடு இறுகப் பொருந்தும்படி இழுத்துவிட வேண்டும். முடிச்சு வளைவின்மேலும், உலோகத்தின்மேலும் அமரக்கூடாது. பக்கவாட்டில், நேராக இழுபடும் பகுதியில் நிற்க வேண்டும். பாதுகாப்பு உறை இருந்தால் உலோகம் படும் இடத்துக்கு அதை நகர்த்துங்கள். பிறகு மெதுவாகக் கயிற்றை விறைக்கவிட்டு, முடிச்சு சரியாக உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பின்னரே முழு விசை கொடுக்க வேண்டும்.

எஃகு ஷேக்கிளின் வாயைக் குறுக்காக மூடும் திருகாணிக்குப் ‘பின்’ (pin) என்று பெயர். இந்தப் பின் ரெக்கவரி பாயின்ட்டின் துளையிலும், ஸ்ட்ராப்பின் கண் அகன்ற வளைவிலும் வர வேண்டும்; கயிறு பின்மேல் ஓடினால் அதைச் சிறிது சிறிதாகக் கழற்றிவிடும். கையால் முழுவதும் திருகியபின் கால் சுற்று தளர்த்தும் வழக்கம் மீட்பில் ஈடுபடுவோரிடையே உண்டு. இழுவைக்குப் பின் மரை சிக்கிக்கொள்ளாதிருக்க அப்படிச் செய்கிறார்கள். பாரம் தூக்கும் தொழிலில் முழுவதும் இறுக்குவதே விதி, நானும் அதையே பின்பற்றுகிறேன். சிக்கிய பின்னைக் கம்பி ஒன்றால் கழற்றிக்கொள்ளலாம். பக்கவாட்டில் இழுப்பது இதன் வலிமையை வெகுவாகக் குறைக்கும்: 45 டிகிரி கோணத்தில் வேலைச் சுமையில் 70 விழுக்காடும், 90 டிகிரியில் 50 விழுக்காடும்தான் மிஞ்சும். கயிற்று ஷேக்கிள் இழுபடும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வதால், கோணமாக இழுக்க நேரும்போது அதற்கு இதில் சாதகம் உண்டு.

எந்த வகையானாலும், இழுவைக் கயிற்றின் நடுவில் கனமான போர்வையையோ, அறுந்த கயிற்றின் வீச்சை அடக்கும் டாம்பர் எனும் கனமான விரிப்பையோ போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தொலைவுக்காவது அனுப்பிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் கயிற்று ஷேக்கிளை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்தபின் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் உள்ளே மணல் நறநறப்பது கேட்கலாம். கேட்டால் மறுபடி அலசுங்கள், ஏனெனில் அந்த மணல் ஒவ்வொரு இழுப்பிலும் இழைகளை உள்ளிருந்து அறுக்கும். மேற்பரப்பில் மெல்லிய பஞ்சு போலப் பிசிறு எழுவது இயல்பு. புரி ஒன்று அறுந்திருந்தாலும், ஓரிடம் பளபளப்பாக விறைத்து உருகிய தடம் தெரிந்தாலும், அதை இனி இழுவைக்குப் பயன்படுத்தக் கூடாது. நெடுநாள் வெயிலும் இழையைத் தின்னும், ஆகவே பம்பரிலேயே தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள். எஃகில் பின் வளைந்திருந்தாலோ, வாய் அகன்றிருந்தாலோ, எந்தப் பகுதியேனும் தேய்ந்து தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். பின் தொலைந்துபோன ஷேக்கிளுக்கு வேறொன்றின் பின்னையோ கடைப் போல்ட்டையோ போட்டுச் சமாளிக்க வேண்டாம்.