ரத்மலானைச் சேர்கிட்டில் பயிற்றுநர் எப்போது வாய் திறக்கலாம்

சேர்கிட் என்பது ஓடுபாதையைச் சுற்றிச் செவ்வகமாகப் பறந்து மறுபடி இறங்கும் பாதை. கொழும்புக்குத் தெற்கே உள்ள ரத்மலானை விமான நிலையத்தின் ஓடுபாதை நீளம் ஏறத்தாழ 1,800 மீற்றர், கிட்டத்தட்ட ஒரு கடல் மைல். ஓடுபாதைக்குச் சமாந்தரமாக எதிர்த்திசையில் பறக்கும் பக்கமான டவுன்விண்டில் 90 நொட்டில் (மணிக்கு 90 கடல் மைல்) போகும் செஸ்னாப் பயிற்சி விமானம் அதைக் கடக்க 40 வினாடி எடுக்கும். அதற்குள் மாணவர் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவருக்கு நிலையைச் சொல்லி, லாண்டிங் செக்லிஸ்ட் முடித்து, முன்னால் போகும் விமானத்தைக் கண்டுபிடித்து, உயரம் 1,000 அடியில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, "போன லாண்டிங்கில் பிளேயர் (தரை தொட முன் மூக்கை உயர்த்துவது) ஏன் பிந்திப்போச்சு, சொல்லுங்க பாப்பம்" என்று பயிற்றுநர் ஆரம்பித்தால் நாலு வேலையில் இரண்டு விடுபடும். பரபரப்பான வான்பரப்பில் மாணவரின் கவனத்தைக் குலைப்பது பெரும்பாலும் வலது ஆசனத்தில் இருக்கும் பயிற்றுநர்தான்.

ஆகவே எங்கெல்லாம் பேசுவதில்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஓடுபாதையில் நுழைவதிலிருந்து 1,000 அடி ஏறும்வரை, டவுன்விண்டிலிருந்து ஓடுபாதைப் பக்கம், அதாவது பேஸ், திரும்பியதிலிருந்து ஓடுபாதையை விட்டு வெளியேறும்வரை, டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓடும்போது) ஓடுபாதைக்கு முன் நிற்க வேண்டிய ஹோல்டிங் பொயின்ட் நெருங்கும் இடம். இந்த மூன்றிலும் பாதுகாப்புக்குத் தேவையான சொல் மட்டும்: "ஸ்பீட்", "ரைட் ரடர்" (வலது பெடலை மிதி), "கோ அரவுண்ட்" (இறங்காமல் மறுபடி மேலே ஏறு). விளக்கம் சொல்லியே ஆகவேண்டுமென்றால் விமானத்தின் கட்டுப்பாட்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது சேர்கிட்டை விட்டு வெளியே போய்ச் சொல்லுங்கள். "ஐ ஹேவ் கன்ட்ரோல்", "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்ற கைமாற்றத்தை ஒவ்வொரு தடவையும் முழுதாகச் சொல்ல வேண்டும். அரைகுறையாகச் சொன்னால் இருவரும் பிடித்திருப்பார்கள், அல்லது ஒருவருமே பிடித்திருக்க மாட்டார்கள்.

சுமையில் பாதியைத் தரையிலேயே இறக்கிவிடலாம். ஹேங்கருக்கு முன்னால் சோக்கட்டியால் ஒரு சேர்கிட் கீறி, மாணவரை அதில் நடக்கவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் ரேடியோவில் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ஓடுபாதையின் 04, 22 என்ற இரண்டு திசைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் பாடமாக்கியவர், காற்று மாறி மற்றப் பக்கம் தந்தால் திணறிப்போவார். முழங்கால் அட்டையில் ஏ5 தாள் ஒன்று போதும்: ரேடியோவில் விமானத்தின் பெயரான அழைப்புக் குறி, அலைவரிசைகள், உயரமானியில் வைக்கும் காற்றழுத்தமான கியூஎன்எச் எழுத வெற்றிடம், வெளியேறும் இடம். ஐபேட்டை மட்டும் நம்பிப் போகவேண்டாம். அதற்குச் சொல்லப்பட்ட உச்ச வெப்பநிலை 35 பாகை செல்சியஸ், கொழும்பு வெயிலில் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் அது அணைந்துபோகலாம்.

ஒரு பறப்பில் ஒரு புதிய விடயம் மட்டும். குறுக்குக் காற்று லாண்டிங் சொல்லிக்கொடுக்கும் நாளில் ரேடியோ உங்களிடம் இருக்கட்டும். நேரத்தையும் பார்த்து வையுங்கள்: ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடிமுகில் கட்டும். மாணவரின் முதல் ரேடியோ நாளுக்குக் காலை வேளைதான் ஏற்றது.

ரேடியோவைப் படிப்படியாகக் கொடுங்கள். முதலில் டாக்ஸி அழைப்பு, பிறகு டவுன்விண்ட், கடைசியாகத்தான் சேர்கிட்டுக்குள் திரும்பி நுழையும் அழைப்பு. அதுதான் கஷ்டமானது, ஏனென்றால் டவரின் பதிலில் ஓடுபாதை, கியூஎன்எச், முன்னால் உள்ள விமானம் மூன்றும் ஒரே மூச்சில் வரும். ஓடுபாதை, கியூஎன்எச், ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பொண்டரின் குறியீடு, உயரம், திசை, வேகம், புதிய அலைவரிசை, மேலெழ, தரையிறங்க, ஓடுபாதையில் நுழைய, அதைக் கடக்க, டாக்ஸி செய்ய, ஹோல்ட் பண்ணத் (காத்து நிற்க) தரும் அனுமதி ஆகியவற்றைத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும். வெறும் தகவலுக்கு அழைப்புக் குறி போதும். எல்லாவற்றையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும் மாணவர் அலைவரிசையையும் அடைக்கிறார், தன் மூளையையும் அடைக்கிறார். திருப்பத்தின் நடுவில் டவர் கூப்பிட்டால் முதலில் இறக்கையைச் சமப்படுத்தட்டும், பதில் இரண்டு வினாடி பிந்தினால் ஒன்றும் ஆகாது. ஹெட்செட்டில் டவரின் குரல் கேட்ட உடனே உங்கள் கையை உயர்த்துங்கள், பாதி வசனத்தில் இருந்தாலும் நிறுத்துங்கள். செக்லிஸ்ட் நடுவில் குறுக்கீடு வந்தால் விட்ட இடத்தை ஊகிக்க வேண்டாம், தொடக்கத்திலிருந்து மறுபடி செய்யட்டும்.

சுமை தாங்க முடியாத அளவுக்கு நிரம்பிவிட்டது என்பதை மாணவர் வாயால் சொல்லமாட்டார். எதைச் சொன்னாலும் "ஓகே சேர்" என்று வரும், கை மட்டும் அசையாது. அதற்கும் முன்னால் கைப்பிடியின் பாரத்தைக் குறைக்கும் ட்ரிம் சில்லைத் தொடுவது நின்றுபோகும்; விரல் மூட்டுகள் வெளுக்கும்; பார்வை ஒரே கருவியில் ஒட்டிக்கொள்ளும்; சொந்த அழைப்புக் குறி காதில் விழாது. அப்போது எல்லாவற்றையும் பறிக்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள், வாயால் சொல்லி எடுங்கள்: "ரேடியோ என்னிடம்." அது போதாவிட்டால், "மற்ற விமானங்களை நான் பார்க்கிறேன், நீங்கள் உயரத்தை மட்டும் பிடியுங்கள்." விமானத்தின் கட்டுப்பாட்டை வாங்குவது கடைசி. பிறகு பொல்கொட வாவிப் பக்கம் வெளியேறி இரண்டு நிமிடம் நேராகப் பறக்கவிட்டால் பெரும்பாலும் ஆள் மீண்டுவிடுவார்.

பயிற்றுநருக்குள்ள பொறி வேறு: மாணவரின் பிழையையே பார்த்துக்கொண்டிருப்பது. எதிரெதிரே 90 நொட்டில் வரும் இரண்டு விமானங்கள் ஒரு கடல் மைலை 20 வினாடியில் விழுங்கும். கண்டு, உணர்ந்து, திரும்பி, விமானம் விலகத் தொடங்க 12.5 வினாடி தேவை என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கு. மிச்சம் ஏழரை வினாடி. பிழையைப் பார்க்க ஒரு கணம், வெளியே பார்க்க அதைவிட நீண்ட நேரம் என்று மாறி மாறிப் போகவேண்டும். கரதியானக் குப்பைமேட்டுப் பக்கம் பறவைகளையும், பட்டக் காலத்தில் கரையோரம் பட்டங்களையும் கணக்கில் எடுங்கள். டவர் சொன்ன விமானம் கண்ணில் படவில்லை என்றால் படவில்லை என்றே சொல்ல வேண்டும். மரியாதைக்காக "இன் சைட்" (தெரிகிறது) என்று சொல்லும் மாணவரை அங்கேயே திருத்துங்கள்.

சின்னக் கோளாறுதான் ஆளைக் கவிழ்க்கும். 1972 டிசெம்பர் 29 இரவு மயாமி அருகே ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் பறப்பு 401இல் முன்சில்லு விளக்கு ஒன்று எரியவில்லை. எல்லோரும் அதிலேயே மூழ்கியிருக்க, ஓட்டோபைலட்டின் உயரப் பிடிப்பு விடுபட்டது யாருக்கும் தெரியவில்லை. விமானம் விழுந்து 101 பேர் இறந்தார்கள். செஸ்னாவில் அந்த விளக்கைப்போல் ஆளை மூழ்கடிப்பது கதவு. ஏறும்போது அது திறந்துகொண்டால் சத்தமும் காற்றும் மட்டும்தான், விமானம் நன்றாகவே பறக்கும். அதை எட்டிச் சாத்தப் போவதுதான் ஆபத்து. "கதவு திறந்தால் அப்படியே சேர்கிட் போய் இறங்குவோம்" என்று தரையிலேயே பேசி வையுங்கள்.

எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேற்றர் உள்ள செஸ்னா 152, பழைய 172களில் இன்னொன்று. கொழும்பின் ஈரக் காற்றில் த்ரொட்டில் குறைத்தால் கார்புரேற்றரில் பனி பிடிக்கலாம். அதனால் குறைக்க முன்னர், சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் பிடியை இழுக்கிறோம். கோ அரவுண்டில் அவசரத்தில் அதை உள்ளே தள்ள மறந்தால் எஞ்சின் முழுச் சக்தி தராது. த்ரொட்டிலைத் தள்ளும் அதே கை கார்ப் ஹீட்டையும் தள்ளும்படி, நிறுத்தி வைத்த விமானத்தில் பழக்குங்கள். பின்னால் வேறு விமானம் வரும்போது எஞ்சின் நின்றதுபோல் பயிற்சி வைக்க வேண்டாம்.

விமர்சனம், தரையிறங்கி எஞ்சினை நிறுத்திய பிறகு. முதல் கேள்வியாக, டவர் கடைசியாகத் தந்த கியூஎன்எச் எவ்வளவு என்று கேளுங்கள். தாளைப் பாராமல் சொன்னால் அடுத்த பறப்பில் ஒரு வேலை கூட்டலாம். தடுமாறினால் அதே சுமையோடு இன்னொரு தடவை.