பிறை வடிவ வாசல் தந்த தீர்வு

டெக்சஸில் எங்கள் வீட்டுப் பின்புறக் கூட்டுப்பெட்டிக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் தென் அமெரிக்காவிலிருந்து பர்ப்பிள் மார்ட்டின்கள் என்னும் தகைவிலான் பறவைகள் வருகின்றன. வட அமெரிக்காவின் கிழக்கே இந்தத் தகைவிலான்கள் ஏறக்குறைய முழுவதும் மனிதர் வைக்கும் பெட்டிகளையே நம்பியிருப்பதால், ஒரு கூடு பறிபோனாலும் எனக்கு மனம் ஆறாது. மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங்குகள் வட்ட வாசல் வழியே புகுந்து முட்டைகளைக் குத்தி உடைத்தன. அந்த வாசல்களைக் கழற்றிவிட்டு, சுமார் 3 செ.மீ. உயரமுள்ள பிறை வடிவ வாசல்களை, அடிவிளிம்பு முன்திண்ணையை ஒட்டியிருக்குமாறு பொருத்தினேன். ஸ்டார்லிங்கின் தடித்த உடல் பெரும்பாலும் அதில் நுழையாது. குட்டைக்கால் மார்ட்டின் தாழ்ந்து நுழைந்துவிடும். முதலில் அவை தலையை மட்டும் நீட்டித் தயங்கின. முதிர்ந்த ஆண் ஒன்று உள்ளே போய்வந்த பிறகே மற்றவை துணிந்தன. அந்தக் கோடையில் குஞ்சுகளுக்குத் தும்பிகளைக் கவ்விவந்து ஊட்டியதை ஆசைதீரப் பார்த்தேன். சிட்டுக்குருவிகளை இந்த வாசல் தடுக்காது. பெட்டியை அடிக்கடி இறக்கி, அவை அடைக்கும் புல்லை அகற்றுகிறேன்.